பந்தாட வந்தவர் கைதியான கதை

பந்து விளையாட்டுக்காரனுக்கு நல்ல காலம் என்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். அதன் நடுவே போர் வந்து புகுந்துவிட்டால் அவன் என்ன செய்வான்?

ஜானி ஷெர்வுட் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துக்காரர். 1937-38இல் இஸ்லிங்டன் கொரிந்தியன்ஸ் என்ற குழு உலகம் சுற்றிப் பந்தாடப் புறப்பட்டது. இந்தியா, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக ஆடிய அக்குழுவில் ஷெர்வுட்டும் இருந்தார். பின்னர் ரெடிங் கழகத்தில் ஆட்டக்காரரானார்.

1939இல் போர் மூண்டது. ஷெர்வுட் பீரங்கிப் படையில் சேர்ந்தார். படை அவரைக் கொண்டுவந்து இறக்கிய இடம் சிங்கப்பூர்! 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் விருந்தாளியாக வந்த மண்ணில் அவர் கைதியானார். சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்.

இங்கேயும் பந்து நின்றுபோயிற்று. 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணப் போட்டி, 1942 முதல் 1947 வரை நடைபெறவில்லை. 1926லும் 1931லும் கிண்ணத்தை வென்ற நம் பேரா, அடுத்த வெற்றிக்கு 1957 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே மாண்ட போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். கூலி தருவதாக ஆசை காட்டியும், லாரியில் பிடித்துப் போட்டும் கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்களோ அதைவிடப் பல மடங்கு மாண்டார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி, உதை. காட்டிலேயே மண்ணானார்கள்.

ஷெர்வுட் பிழைத்தார். ஊர் திரும்பி மறுபடியும் ரெடிங்குக்காக ஆடினார். பட்ட பாட்டையெல்லாம் எழுதியும் வைத்தார். 1985இல் அவர் மறைந்த பிறகு, 2014இல் அது நூலாக வெளிவந்தது.

வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் படைப் பதிவேடு இருந்தது. பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை. அவர்கள் வாழ்ந்த லயங்களும் பல இடங்களில் இன்று செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன.

வாசகர்களே, உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் உண்டா? வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயர், தோட்டம், உறவுமுறை மூன்றையும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயராவது மிஞ்சட்டும்.