சைக்கிள் ஷூ வாங்கப் போறீங்களா?

சர்க்கரை இருக்கிறது, டாக்டர் சொன்னபடி, விடியற்காலையில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் ரோட்டில் சைக்கிள் மிதிக்கிறீர்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ வாங்க ஆசை. எதை வாங்குவது?

'டிரையத்லான்' ஷூவில் அகலமாக ஒரு பட்டை, குதிகாலில் பிடித்து இழுக்க வளையம். நீந்திவிட்டு ஈரக்காலோடு ஓடி வரும் போட்டியாளர் சட்டென்று மாட்ட வேண்டுமே, அதற்காக! பலர் சாக்ஸே போடுவதில்லை. உங்களுக்கு அந்த அவசரம் எதுக்கு? சர்க்கரையால் மரத்த பாதத்தில் உரசல் தெரியாது. சின்னக் கொப்புளமும் புண்ணாகிவிடும்.

சாலை ஷூவே நல்லது. 2, 3 இடத்தில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சாயங்காலம் கால் சற்று உப்பியிருக்கும். அப்போது சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பாதம் ஏற்கெனவே மரத்திருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

மழை நாளில் கரிசல் மண்ணில் கால் வைக்காதீர்கள். ஷூவின் அடியில் அப்பிக்கொண்டால் பெடலில் பூட்டாது. வீடு திரும்பியதும் பாதத்தை ஒரு தடவை பார்த்துடுங்க!