ஹவாய்த் தீவில் ஒரு நெடும்பந்தயம்

விளையாட்டுச் செய்திகளுக்கு இவ்வேட்டில் இடமுண்டா என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நூலும் சாயமும், விதையும் உரமும், கடனும் வட்டியும் பற்றியே மாதந்தோறும் எழுதிவரும் நாம், இம்மாதம் கடல் கடந்த பந்தயமொன்றைப் பற்றி எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. பிறர் கணக்கைப் பார்ப்பதே நமது தொழில். பார்த்துப் பழகிய கண், பந்தயத்தைக் கண்டாலும் அதிலும் வரவையும் செலவையுமே தேடுகிறது. அவ்வாறு தேடியதில் நமக்குத் தோன்றிய ஒரு குறையையும் இங்கே கூற விரும்புகிறோம்.

பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகள் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த ஒரு மாநிலமாகும். அத்தீவுகளுள் ஒன்றான ஓவாஹூவில், நீந்துவோர், சைக்கிள் ஓட்டுவோர், ஓடுவோர் ஆகிய மூவகையினருள் உடல் உறுதி மிக்கவர் யார் என்றொரு வாதம் எழுந்தது. கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் என்பார், தீவில் தனித்தனியே நடைபெற்று வந்த மூன்று பந்தயங்களை இணைத்து, அனைத்தையும் ஒரே நாளில் முடிப்பவரே வல்லவர் என்று அவ்வாதத்திற்கு முடிவு கூறினார். கடலில் ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியவுடன் 180 கிலோமீட்டர் சைக்கிள் சவாரி. சைக்கிளை விட்டு இறங்கியவுடன் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளில் செல்லும் தொலைவு மட்டுமே சென்னையிலிருந்து விழுப்புரத்தைத் தாண்டிவிடும் என்றால், இதன் கடுமை ஒருவாறு விளங்கும். 'இரும்பு மனிதர்' என்று இப்பந்தயத்திற்குப் பெயரிட்டது மிகையன்று.

1978-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடந்த முதற் பந்தயத்தில் இறங்கியவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். அவர்களுள் ஜான் டன்பார் என்பவர், வெற்றி பெற்ற கார்டன் ஹாலருக்குச் சிறிதும் இளைத்தவரல்லர். ஓட்டத்தின்போது முன்னணியிலும் இருந்தார். ஆயினும் அவருக்குத் துணையாக வந்தவர்களிடம் குடிநீர் தீர்ந்துபோயிற்று. நீருக்குப் பதிலாக அவர்கள் கொடுத்தது பீர்! மனிதர் தள்ளாடித் தள்ளாடி இரண்டாமவராக வந்து சேர்ந்தார். ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. கால் வலிமையால் மட்டும் முடிவாகும் பந்தயம் இதுவன்று என்பது முதலாண்டிலேயே தெரிந்துவிட்டது. மறு ஆண்டு லின் லெமேர் என்ற பெண்மணி முதன்முறையாக ஆடவரோடு கலந்துகொண்டு, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார்.

1981-இல் பந்தயம் ஹவாயின் பெரிய தீவிலுள்ள கோனா என்னும் பகுதிக்கு மாற்றப்பட்டது. நம் வாசகர்களுள் காப்பி பயிரிடுவோர் கோனா என்ற பெயரைக் கேள்வியுற்றிருக்கலாம். மலைச்சரிவில் சிறு விவசாயிகள் விளைவிக்கும் காப்பிக்குப் பெயர் பெற்ற இடம் அது. ஆனால் பந்தயச் சாலை அந்தக் குளிர்ந்த சரிவின் வழியே செல்வதன்று. எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த பாறைவெளியின் ஊடே செல்வது. நிழலுக்கு ஒரு மரமில்லை. வெயிலைப் பாறை உண்டு மீண்டும் உமிழ்கிறது. பக்கவாட்டிலிருந்து வீசும் காற்று சைக்கிளையே சாய்த்துவிடும்.

இனி நாம் கூற வந்த செய்தி. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரிப் பந்தயத்தில் ஜூலி மாஸ் என்ற 23 வயது கலிபோர்னியப் பெண் கலந்துகொண்டார். கல்லூரியில் உடற்பயிற்சி இயல் பயின்றுவந்த அவர், தம் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு வேண்டிய அனுபவத்தைப் பெறும் பொருட்டே பெயர் கொடுத்தார். கடலலையில் பலகையேறி விளையாடுவதில் பழக்கமுண்டே தவிர, இத்தகைய நெடும்பந்தயத்திற்கென ஆண்டுக்கணக்கில் பயின்றவரல்லர். தம்மினும் வலியவர் பலர் இருப்பதை அறிந்தே கடலில் இறங்கினார். எனினும் ஓட்டத்தின்போது பெண்களுள் முதலாவதாக அவரே சென்றுகொண்டிருந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

பொழுது சாயும் வேளை. இறுதிக் கோடு நெருங்க நெருங்க அவர் கால்கள் பின்னத் தொடங்கின. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். உடல் அவர் வசத்தில் இல்லை. சுற்றிலும் மக்கள் கூடி நின்றனர். ஆயினும் கைகொடுத்துத் தூக்கினால் பந்தயத்தினின்று நீக்கப்படும் அபாயமுண்டு. கோட்டுக்குச் சில மீட்டர் தொலைவில் அவர் தரையில் கிடக்கும்போதே, பின்னால் வந்த காத்லீன் மெக்கார்ட்னி என்ற இளம்பெண் அவரைக் கடந்து ஓடி வெற்றி பெற்றார். மாஸ் எழ முயலவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்தே சென்று கோட்டைக் கடந்தார். முன்னவர் 11 மணி 9 நிமிடம் 40 விநாடி. பின்னவர் 11 மணி 10 நிமிடம் 9 விநாடி. இருவருக்கும் இடையே 29 விநாடியே வித்தியாசம்.

இங்கே நடந்தது என்ன? கணக்குப் பார்ப்போம். மனித உடல் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்துள்ளது. அது சுமார் 500 கிராம்; அதனின்று கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2,000 கலோரி. இதுவே கைரொக்கம். இப்பந்தயத்தின் செலவோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. கொழுப்பு ஏராளமாக இருக்கிறதே எனலாம். இருக்கிறது, ஆனால் அது நிரந்தர வைப்பு. நினைத்த வேகத்தில் எடுத்துச் செலவிட இயலாது. ஓடிக்கொண்டே உண்ணலாமென்றால், குடல் ஏற்றுக்கொள்வது பொதுவாக மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. பழக்கப்படுத்தினால் 90 கிராம் வரை. ஆகவே தொடக்கத்தில் வேகங்காட்டுகிறவர் கைரொக்கத்தைக் காலையிலேயே செலவிட்டு, மாலையில் பெட்டியைத் திறந்து பார்த்துத் திகைக்கிறார். யூரியா முழுவதையும் அடியுரமாகவே இட்டுவிட்டுக் கதிர் பிடிக்குங் காலத்தில் கையைப் பிசைந்து நிற்கும் விவசாயியை நாம் பார்த்ததில்லையா? வலியவர் முன்னே செல்லக் கண்டும் வேகத்தைக் கூட்டாமல், தம் அளவிலேயே செல்லுவதுதான் எளியவருக்கு உள்ள வழி. சொல்வது எளிது. காலை ஏழு மணிக்கு நூறு பேர் நம்மைக் கடந்து செல்லும்போது அவ்வாறு நடந்துகொள்வது எளிதன்று.

இடையே ஒன்று கூறவேண்டும். இப்பந்தயத்தில் முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டிச் சைக்கிள் ஓட்டுவது குற்றம். முன்னவர் காற்றைக் கிழிக்கப் பின்னவருக்குப் பிரயாசை குறையும் என்பதால், அவரவர் காற்றை அவரவரே கிழிக்க வேண்டும் என்பது விதி. கூட்டுறவு தண்டனைக்குரியதாக இருக்கும் இடத்தை நாம் முதன்முதலாகக் கண்டது இங்கேதான்! ஆயினும் வழிநெடுக நின்று நீரும் பழமும் நீட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். அவர்கள் இன்றேல் வீரர் ஒருவரும் ஊர் திரும்பமாட்டார்.

மாஸ் தவழ்ந்த காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அதுவரை சிலரே அறிந்திருந்த பந்தயம் நாடெங்கும் பேசப்பட்டது. அதனைப் பார்த்துத் தாமும் இறங்கத் துணிந்தவர்களுள் ஒருவரான மார்க் ஆலன், பிற்காலத்தில் ஆறுமுறை இதே பந்தயத்தில் வெற்றி கண்டார். எனவே தோற்றவர் செய்த நன்மை பெரிது என்பதில் நமக்கு ஐயமில்லை.

நமது குறை மெக்கார்ட்னியைப் பற்றியது. பின்தங்கியிருந்தும் பதறாமல், இருப்பறிந்து செலவிட்டு, கடைசி மீட்டர் வரை நிமிர்ந்து ஓடியவர் அவர். முதலாவதாகச் செல்பவர் தரையில் கிடப்பதைக்கூட அவர் அறியவில்லை. வெற்றி பெற்றவர் நீரே என்று பிறர் கூறிய பின்னரே அறிந்து வியந்தார். கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் சங்கத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கையிருப்புக் குறைந்து கதவடைக்கும் நிலைக்கு வந்து பிழைத்த சங்கத்தின் கதையையே மாவட்டம் முழுதும் கேட்கலாம். அவ்வாறே, நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் மாஸின் பெயர் தெரிந்த பலருக்கு மெக்கார்ட்னியின் பெயர் தெரியவில்லை. இதனைத் தொழில்முறையில் ஓர் அநீதியாகவே கருதுகிறோம்.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. அப்படத்தை நாமும் பலமுறை பார்த்துவிட்டோம். மெக்கார்ட்னியைக் கவனிக்க வேண்டும் என்ற தீர்மானத்துடனேயே ஒவ்வொரு முறையும் அமர்கிறோம். அவர் வலப்புறமாக வருகிறாரா, இடப்புறமாகவா என்று இன்னும் நம்மால் சொல்ல முடியவில்லை. தரையில் கிடப்பவரை விட்டுக் கண் அகல மறுக்கிறது.