டீசல் ஜெனரேட்டரும் அதனைத் துயிலெழுப்பும் மின்கலமும்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் ஜெனரேட்டரின் மின்கலத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், கல்லூரி திறந்த முதல் வாரத்தில், நம் விடுதியில் ஓரிரவு நிகழ்ந்ததைக் கண்டார் எவரும் நகையார். அன்று இரவு 9 மணியளவில் இடியுங் காற்றுமாய் மழை பெய்ய, மின்சாரம் நின்றுபோயிற்று. மேல்மாடியில் இழுப்பு நோயால் வருந்திய மாணவர் ஒருவர்க்கு மருந்தைப் புகையாக்கி அளித்துக்கொண்டிருந்த நெபுலைசர் கருவியும் உடன் நின்றது. ஜெனரேட்டரை ஓட்டச் சென்றவர் விசையை அழுத்தினார். ‘டக்’ என்னும் ஓரொலி எழுந்ததேயன்றி எஞ்சின் சுழலவில்லை. வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தனர், 12.7 எனக் காட்டிற்று. ‘மின்கலம் நிறைந்துள்ளது; குறை வேறெங்கோ உளது’ என்று முடிவு செய்து, டீசல் குழாயையும் விசைப் பெட்டியையும் அரைமணி நேரம் ஆராய்ந்தனர். நண்பரின் மூச்சொலி படிக்கட்டு வரை கேட்டது.

அந்நிலையில் அண்டைத் தெருவில் மின்பணி செய்யும் முதியவர் ஒருவர் அழைக்கப்பட்டு வந்தார். அவர் மீட்டரைப் பார்த்திலர், “தம்பி, மூடியைத் திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று?” என்று மட்டும் வினவினார். விடை கூறுவார் எவருமிலர். கைவிளக்கின் ஒளியில் ஆறு அறைகளையும் நோக்கியபோது, திராவகம் தகடுகளின் மேல்விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே கிடந்தது. அயலார் ஒருவரின் டிராக்டரிலிருந்து வேறொரு மின்கலம் கொணர்ந்து பூட்டவே, எஞ்சின் முதல் அழுத்தத்திலேயே ஓடிற்று. நண்பரும் நலம் பெற்றார். எனினும், 12.7 வோல்ட் காட்டிய மின்கலம் எவ்வாறு செயலற்றதாயிற்று என்னும் வினா என்னை விட்டு நீங்கவில்லை. மறுவாரம் யான் அம்முதியவரிடமே சென்று கேட்டறிந்ததையும், இயற்பியல் துறை நண்பர்பால் தெளிந்ததையும் ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண், எஞ்சினுக்கு மின்கலம் எற்றுக்கு என்பதை அறிதல் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டும். ருடால்ப் டீசல் என்பார் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற ஓட்டிக் காட்டிய எஞ்சினிலோ பொறியே இல்லை. உருளையுள் அடைபட்ட காற்றைப் பதினைந்து இருபது மடங்கு நெருக்குதலால் அஃது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். அச்சூட்டில் தெளிக்கப்பட்ட டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஆனால், நெருக்குதல் விரைந்து நிகழாவிடின் அச்சூடு உருளையின் சுவர் வழியே கழிந்துபோம். ஆதலின் எஞ்சினைத் தொடக்கத்தில் மெல்லச் சுழற்றினாற் போதாது. வல்லென்று சுழற்ற வேண்டும். அவ்வன்மையைத் தருவது துவக்கு மோட்டார். அது சில நொடிகளுக்குச் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை ஒருங்கே வேண்டி நிற்கும். ஓரறை விளக்கு எரிய ஓர் ஆம்பியரும் வேண்டுவதில்லை என்பதை நோக்கின், இவ்வேண்டுதலின் பெருமை விளங்கும்.

இவ்வளவினை ஒருங்கே தரவல்லது காரீய மின்கலம். பிரெஞ்சு நாட்டுக் காஸ்டன் பிளாந்தே 1859இல் இதனை முதன்முதல் அமைத்தார். (கலம் என்னுஞ் சொல் பாண்டத்திற்கும் கப்பலுக்கும் அணிகலத்திற்கும் நம் நூல்களில் வழங்கும். மின்னை ஏந்தும் பாண்டத்திற்கும் அதனைச் சூட்டியவர் யாவராயினும், நல்ல பெயரே சூட்டினார்.) காரீயத் தகடும், காரீய ஆக்ஸைடு பூசிய தகடும் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. மின்சாரம் வெளிப்படுங்கால் திராவகத்தின் கந்தகக் கூறு இருவகைத் தகடுகளிலும் படிய, எஞ்சிய நீர்மம் நீர்த்துப்போம். மின்னூட்டுங்கால் இம்மாற்றம் திரும்ப நிகழும். ஆகவே, திராவகத்தின் அடர்த்தியே மின்னிருப்பின் அடையாளமாம். நிறைந்த கலத்தில் அஃது ஏறத்தாழ 1.265 இருக்கும், வெப்ப நாடுகளுக்கெனச் செய்தவற்றிற் சற்றுக் குறைவாகவும் இருத்தலுண்டு.

இனி நம் வினாவிற்கு வருவோம். ஓய்ந்திருக்கும் ஓரறையின் வோல்ட் அளவு, அதன் திராவக அடர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் வருவதற்கு ஏறத்தாழச் சமம். 1.265உடன் 0.84 சேர்த்தால் 2.105; ஆறறைக்கும் 12.63. இதனால் அறியப்படுவது யாது? வோல்ட் மீட்டர் கூறுவது திராவகத்தின் அடர்த்தியை மட்டுமே. தகடுகளின் வலிமையை அன்று. கோடை விடுமுறை முழுதும் நம் ஜெனரேட்டர் அறையில் மின்னூட்டி ஓயாது இயங்கிற்று. வெப்பத்தாலும் மின்னூட்டத்தாலும் நீர் ஆவியாயும் வாயுவாயும் போயிற்று, திராவகமோ போகவில்லை. எஞ்சியது செறிந்தது. செறியவே வோல்ட் அளவு குறைவதற்கு மாறாக உயர்ந்தது. அதே வேளையில் காற்றுப்பட்ட தகடுகளின் மேற்பகுதி இறுகிப் பயனற்றதாயிற்று. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிதாதலின், வலிகுன்றிய தகடுகளும் அதற்கு 12.7 எனக் கூறிவிட்டன. துவக்கு மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. விடுமுறையில் வாரந்தோறும் குறிப்பேட்டில் வோல்ட் அளவு பிழையின்றி எழுதப்பட்டு வந்தது. எஞ்சினை ஒருமுறையேனும் ஓட்டிப் பார்த்தாரில்லை.

ஆதலால் சோதனை மூவகையாயிற்று. மின்னூட்டியை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வளித்த பின்னரே வோல்ட் பார்த்தல் வேண்டும். உடனே பார்ப்பின் மேலோட்டமான மிகை தோன்றும். 12.6க்கு மேல் நிறைவு, 12.2 அளவில் பாதி. 12க்குக் கீழ் உடனே மின்னூட்டத் தக்கது. இரண்டாவது, ஹைட்ராமீட்டரால் ஒவ்வோர் அறையின் அடர்த்தியையும் தனித்தனியே பார்த்தல். அறைகளுக்குள் 0.050க்கு மேல் வேறுபாடு காணின், குறைந்த அறை பழுதுற்றதென்க. மூன்றாவதே தலையாயது. எஞ்சினை நிறுத்தும் நெம்புகோலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பத்து நொடிக்கு மேற்படாமல் மோட்டாரைச் சுழற்றுக. அப்பொழுது மின்கல முனைகளில் வோல்ட் 9.6க்குக் கீழ் இறங்குமாயின் அதனை நம்பற்க. மீட்டரின் ஒரு முள்ளை முனையின் காரீயத்திலும் மற்றொன்றை அதனைப் பற்றிய கவ்வியிலும் வைத்துச் சுழற்றினால், அவ்விடையே வீணாகும் வோல்ட்டும் புலப்படும். அரை வோல்ட் எனினும் அது மிகுதி. களிம்பு ஏறியுள்ளதென்பது பொருள். மூடியற்ற மின்கலங்களுக்கு ஹைட்ராமீட்டர் உதவாமையின், இம்மூன்றாஞ் சோதனையே அவற்றிற்குப் பெருந்துணை.

பேணும் முறை எளிது. களிம்பு ஏறிய முனைகளை ஆப்பச் சோடா கரைத்த நீரால் துடைக்க வேண்டும். அந்நீர் ஒரு துளியும் அறைக்குட் செல்லலாகாது. உலர்ந்த பின் கவ்வியை இறுக்கி வாசலின் தடவுக. குறைந்த நீரை நிரப்பக் காய்ச்சி வடித்த நீரே தக்கது. குழாய் நீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். திராவகம் ஊற்றுவது பெரும்பிழை, போனது நீரேயாதலின். தகடு வெளித்தெரியின் அது மூழ்குமளவு முன்னரும், எஞ்சியதை மின்னூட்டிய பின்னரும் நிரப்புக. விளிம்புவரை நிரப்பினால் மின்னூட்டுங்கால் பொங்கி வழியும். அறையில் காற்றோட்டம் வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் மின்கலத்தின் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகுமென்பர்.

அஞ்சத் தக்கதும் ஒன்றுண்டு. மின்னூட்டுங்கால் எழும் ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். எனவே தீக்குச்சி கொளுத்தி நீர்மட்டம் பார்ப்பது மடமை. கழற்றும்போது முதலில் எதிர்முனையைக் கழற்றி, பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டல் வேண்டும். தானே ஓடத் தொடங்கும் ஜெனரேட்டராயின், முன்னதாகவே அவ்விசையை நிறுத்திவிடுக. திராவகம் மேலே தெறித்தால் மிகுந்த நீரால் நெடுநேரம் கழுவுக. கண்ணாயின் உடனே கழுவத் தொடங்கி, மருத்துவரையும் நாடுக.

இப்பொழுது விடுதிக் குறிப்பேட்டில் வோல்ட் அளவிற்கு அருகே மூன்று புதிய பத்திகள் கோடிடப்பட்டுள்ளன: நீர்மட்டம், அறைவாரி அடர்த்தி, சுழற்றும்போது வோல்ட். சனிக்கிழமைதோறும் இரு மாணவர் முறைவைத்து எழுதுகின்றோம். சென்ற மாதத்தில் ஐந்து அறைகள் 1.260 காட்ட, மூன்றாம் அறை மட்டும் 1.205 காட்டிற்று. முதியவர் அதனைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, புதியது வாங்குமாறு காப்பாளர்க்கு எழுதிவைத்துச் சென்றார். அவ்வாரமே வந்து சேர்ந்தது.