'கமென்ஸ்' என்னும் ஆங்கில வினை: பொருளும் தமிழாக்கமும்

1. நோக்கம்

'பிகின்', 'ஸ்டார்ட்', 'கமென்ஸ்' ஆகிய மூன்று ஆங்கில வினைகளுக்கும் தமிழில் 'தொடங்கு' என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் ஆளப்படுகின்றது. பொது உரைநடையில் இதனால் நேரும் இழப்பு சிறிது. சட்ட மொழிபெயர்ப்பில் அவ்வாறன்று. அங்குக் 'கமென்ஸ்மென்ட்' என்னும் தொழிற்பெயர் செயலைக் குறியாது, நாளைக் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மூன்று வினைகள்

'பிகின்' பழைய ஆங்கிலச் சொல். 'ஸ்டார்ட்' முதலில் 'துள்ளு' என்னும் பொருளில் வழங்கியது. இயந்திரத்தை இயக்குதலை உணர்த்த இன்றும் இதுவே உரியது. 'கமென்ஸ்' இலத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. விசாரணை, விழா, ஒப்பந்தப் பணி முதலியவற்றிற்கே மிகுதியும் வரும். முன்னிரண்டும் செயவென் எச்சத்திற்கு நிகரான வடிவை இயல்பாக ஏற்கும். 'கமென்ஸ்' பெரும்பாலும் பெயரையோ தொழிற்பெயரையோ ஏற்கும். எனவே 'குழந்தை அழத் தொடங்கியது' என்பதை ஆங்கிலமாக்குவோர் 'கமென்ஸ்' என எழுதின் நடை பிறழும்.

3. நடை மதிப்பு

கடன்சொல்லே உயர்நடைக்கு உரியது என்னும் கருத்து ஆங்கிலத்திற்குப் பொருந்தும். எல்லா மொழிக்கும் பொருந்தாது. புணே நகரின் வானவடியில் கடைத்தெருப் பேச்சில் கேட்பது 'சுரூ'. இது அரபி மூலமுடையது. மராத்திச் சட்ட நடையில் வருவது 'பிராரம்ப்', இது வடசொல். அங்குக் கடன்சொற்கள் இரண்டும் இரு நடைகளைப் பங்கிட்டுக்கொண்டன. தமிழிலோ வடசொல்லாகிய 'ஆரம்பி' பேச்சுக்கு உரியதாகவும், தமிழ்ச் சொல்லாகிய 'தொடங்கு' எழுத்துக்கு உரியதாகவும் நிற்கின்றன. ஆகவே, 'கமென்ஸ்' என்பதன் உயர்வு தோன்ற வடசொல்லை நாடுவது தமிழில் எதிர்விளைவையே தரும்.

4. சட்ட வழக்கு

சட்டம் ஒன்று இசைவு பெறும் நாளும் நடைமுறைக்கு வரும் நாளும் வேறாகலாம். பின்னதே 'கமென்ஸ்மென்ட்' என 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டம் வரையறுக்கின்றது. அந்நாளுக்கு முந்தைய நாள் முடிந்த கணமே சட்டம் செயற்படும் என்றும் அச்சட்டம் கொள்கின்றது.

இந்திய அரசமைப்பு 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டது. குடியுரிமை பற்றியவை உள்ளிட்ட சில உறுப்புகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. எனினும், 1950 சனவரி 26ஆம் நாளையே அரசமைப்பின் 'கமென்ஸ்மென்ட்' என 394ஆம் உறுப்பு குறிப்பிடுகின்றது. 'அரசமைப்பின் தொடக்கத்திலிருந்து' என்று மட்டும் தமிழாக்கினால், இவ்விரு நாள்களுள் எது கருதப்படுகின்றது என்னும் ஐயம் எழும். நூலின் தொடக்கப் பகுதி என்றுகூடக் கொள்ள இடமுண்டு.

இந்த ஐயம் அற்பமானதன்று. ஒன்றிய அலுவல்களில் ஆங்கிலம் நீடிக்க 343ஆம் உறுப்பு வழங்கிய 15 ஆண்டுகள் இந்நாளிலிருந்தே எண்ணப்பட்டன. 1965 சனவரியில் தமிழகத்தில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டம் அக்கெடுவின் முடிவை ஒட்டியே எழுந்தது. கெடுவுக்குப் பின்னரும் ஆங்கிலத்தைத் தொடர்ந்து பயன்படுத்த வழிசெய்த ஆட்சிமொழிகள் சட்டம் 1963 மே 10 அன்று இசைவு பெற்றது. ஆங்கிலத் தொடர்ச்சி பற்றிய அதன் 3ஆம் பிரிவோ 1965 சனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஒரே சட்டத்தின் பிரிவுகளுக்கு வெவ்வேறு தொடக்க நாள்கள் இருத்தல் கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

5. முடிவு

சட்டம் அல்லது சட்டப்பிரிவு பற்றி வரும் 'கமென்ஸ்மென்ட்' என்பதைத் 'தொடக்க நாள்' என்றும், அதனோடு வரும் வினைத்தொடரை 'நடைமுறைக்கு வரும்' என்றும் பெயர்த்தல் நன்று. விசாரணை, கூட்டம், பணி ஆகியவற்றிற்குத் 'தொடக்கம்' போதும். அமெரிக்கப் பல்கலைக்கழகச் சூழலில் இதே சொல் பட்டமளிப்பு விழாவைக் குறிக்கும். 'கூறியது கூறல்' என்னும் குற்றத்திற்கு அஞ்சித் தொடக்கம், துவக்கம், ஆரம்பம் என ஒரே சட்டத்துள் மாற்றி மாற்றி எழுதுதல் தவிர்க்கப்பட வேண்டும். சட்ட நூலில் சொல் வேறுபட்டால் பொருளும் வேறுபட்டதாகவே கொள்ளப்படும்.