ஜெயித்தவர் மறுபடியும் ஏறும் படி

பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். வழக்கறிஞரோடு வரும் நீதிமன்ற அமீனா, முன்பக்கக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸை ஒட்டுவார். ஏறியவர்கள் முணுமுணுத்தபடி இறங்கி வேறு வண்டி தேடுவார்கள்; பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குப் போய் நிற்கும். ‘விபத்து இழப்பீடு வழங்காததால் அரசுப் பேருந்து ஜப்தி’ என்று மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வரும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது பழகிப்போன செய்தி.

பெரும்பாலும் அரசுப் பேருந்தே சிக்குவதற்குக் காரணம் உண்டு. தனியார் வண்டிக்குக் காப்பீடு கட்டாயம் என்பதால் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களோ, இழப்பீட்டுக்கென்று தனி நிதி வைத்துக்கொண்டால் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெறலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்போது கழகமே பணம் தர வேண்டும். அது தள்ளிப்போகும்போது, தீர்ப்பு வாங்கிய குடும்பம் மறுபடியும் கோர்ட் படியேறுகிறது.

இந்த ‘மறுபடியும்’தான் சிவில் வழக்குகளில் பலருக்குத் தெரியாத சங்கதி. குற்ற வழக்கில் தண்டனை விதித்தால் குற்றவாளியைச் சிறைக்குக் கொண்டுபோவது அரசின் வேலை. சிவில் வழக்கில் நீதிபதி ‘ஐந்து லட்சம் கொடு’ என்று டிக்ரி எழுதிவிட்டால், அதை வசூலித்துத் தர யாரும் தாமாகக் கிளம்ப மாட்டார்கள். ஜெயித்தவரே நிறைவேற்று மனு போட வேண்டும்; கோர்ட் வட்டாரத்தில் அதற்குப் பெயர் ‘இ.பி.’. இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லை அவர் டிக்ரி பெற்ற பிறகே தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தர்பங்கா ஜமீன் வழக்கில் குறிப்பிட்டது 1872-இல். இன்றைய தீர்ப்புகளிலும் அந்த வாசகம் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு நீண்ட அத்தியாயம் உண்டு. ‘கட்டளை 21’ எனப்படும் அதில் 106 விதிகள். பணத்துக்கான டிக்ரி என்றால் தோற்றவரின் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம், சம்பளத்தில் பிடிக்கலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம், சில நிலைமைகளில் ஆளையே சிவில் சிறையில் வைக்கலாம். ஆனால் சொத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டியது ஜெயித்தவர் பொறுப்பு. சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் மனுவில் இருக்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டால், தோற்றவரைக் கூண்டிலேற்றிச் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கேட்க விதி 41 வழி செய்கிறது. கேட்டும் தராதவரை மூன்று மாதம் வரை சிவில் சிறைக்கு அனுப்பலாம்.

ஜெயித்தவருக்கு இப்படி வழி விடும் சட்டம், தோற்றவரைச் சுற்றி வேலியும் போட்டிருக்கிறது. 60-ஆவது பிரிவைப் படித்தால் ஒரு சிறு குடியானவன் வீட்டைச் சுற்றிப் பார்த்ததுபோல் இருக்கும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர்க்கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல் ஆகியவற்றைத் தொட முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையையும் ஜப்தி செய்ய முடியாது. அதனால் தாலிக்குப் பாதுகாப்பு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பிக்கும். பிடித்தத்துக்கு உட்பட்ட சம்பளம் 31,000 ரூபாய் என்றால் மாதம் 10,000 ரூபாய் பிடிக்கலாம். அதுவும் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதங்கள்தான். ஜீவனாம்ச டிக்ரிக்கு மட்டும் கணக்கு வேறு: அங்கே மூன்றில் ஒரு பங்கு போக மீதியைப் பிடிக்கலாம்.

அமீனாவுக்கும் கட்டுப்பாடு உண்டு. பொழுது சாய்ந்தபின், விடியும்முன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. நிலத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்திலேயே தண்டோரா போட்டோ, ஊர் வழக்கப்படி வேறு விதமாகவோ அறிவிக்க வேண்டும். ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அங்கேயே கட்டி, மீதியை 15 நாளுக்குள் செலுத்த வேண்டும். அதன் பிறகும் கடனாளிக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. விற்பனை நடந்த 60 நாளுக்குள் பாக்கித் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கென்று ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் கட்டினால் சொத்து அவருக்கே திரும்பும். தோற்றது அரசாங்கம் என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கலெக்டர் அலுவலக ஜீப்பும் நாற்காலிகளும் ஜப்திக்கு உள்ளாவது அந்தக் கெடுவும் கடந்த பிறகுதான்.

சிறை என்பது கடைசி ஆயுதம். பாங்க் ஆஃப் கொச்சின் தொடர்பான வழக்கில் 1980-இல் தீர்ப்பளித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், கையில் இல்லாததால் கட்டாதவரைச் சிறையில் தள்ள முடியாது, வசதி இருந்தும் ஏமாற்றுபவருக்கே அந்தக் கதி என்று வரையறுத்தார். பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. இன்னொரு விசித்திரம், உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவை ஜெயித்தவர்தான் கட்ட வேண்டும். அதிகபட்சம் மூன்று மாதம். வெளியே வந்தபின்னும் கடன் அப்படியே இருக்கும். ஆனால் அதே டிக்ரிக்காக மறுபடி கைது செய்ய முடியாது.

இந்த வேலிகளெல்லாம் ஏழைக் கடனாளியைக் காக்கப் போட்டவை. அதே சட்டத்தில் ஆட்சேபனை சொல்லவும் இடமிருப்பது, சொத்தை விட மனமில்லாதவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. நிலம் சம்பந்தப்பட்ட டிக்ரிகளில் இது பளிச்சென்று தெரியும். அமீனா சுவாதீனம் எடுக்கப் போவார். வழக்கிலேயே இல்லாத ஒருவர் முன்னே வந்து ‘இது என் அனுபவத்தில் இருக்கிறது’ என்று மறிப்பார். அவர் சொல்வது உண்மையா என்று விசாரிக்காமல் வெளியேற்ற முடியாது. விதி 97 தொடங்கி 101 வரை அந்த விசாரணைக்கே. சாட்சி, ஆவணம், உத்தரவு, அதன்மேல் மேல்முறையீடு என்று ஒரு முழு வழக்கு மீண்டும் நடக்கிறது.

சேலத்து வழக்கு ஒன்றே இதற்குப் போதுமான சாட்சி. நிலம் வாங்க 1980-இல் ஒப்பந்தம், எழுதித் தர மறுத்ததால் வழக்கு, 1986-இல் டிக்ரி. மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து சுவாதீனம் கேட்டபோது, தாங்கள் அந்த நிலத்தின் பயிர்க் குத்தகைதாரர்கள் என்று வேறு சிலர் வந்தார்கள். வழக்குப் போட்டவர் இறந்து, வாரிசுகள் அதை நடத்தினார்கள். உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 6 அன்று, தேவைப்பட்டால் போலீஸ் துணையோடு இரண்டு மாதத்தில் நிலத்தை ஒப்படைக்க உத்தரவிட்டது. டிக்ரிக்கு அப்போது வயது 39.

அதே தீர்ப்பில் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலாவும் ஆர். மகாதேவனும் நாடு முழுவதும் தேங்கிய நிறைவேற்று மனுக்களின் கணக்கைக் கேட்டார்கள். அக்டோபரில் வந்த கணக்கு 8,82,578. இடைப்பட்ட மாதங்களில் 3,38,685 மனுக்கள் முடிக்கப்பட்டபின்னும் இவ்வளவு பாக்கி. மகாராஷ்டிரத்தில் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டில் சுமார் 86,000. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும், தாமதித்தால் காரணத்தை எழுத வேண்டும் என்று இதே நீதிமன்றம் 2021 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருந்தது.

அதனால் அனுபவப்பட்ட வழக்கறிஞர்கள் தீர்ப்பு நாளுக்காகக் காத்திருப்பதில்லை. வழக்குப் போடும் முன்பே எதிராளியின் சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார்கள். டிக்ரியை ஏமாற்றும் நோக்கத்தில் அவர் சொத்தைக் கைமாற்றப் போகிறார் என்று காட்ட முடிந்தால், கட்டளை 38-இன்படி தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். எதிராளி போதிய ஜாமீன் கொடுத்தால் அது விலகும். டிக்ரி வந்தபின் அதை நிறைவேற்றக் கெடு 12 ஆண்டு. ஆக்கிரமித்துக் கட்டிய சுவரை இடிக்கச் சொல்வது போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கோ மூன்றே ஆண்டு. தோற்றவர் வேறு ஊரில் சொத்து வைத்திருந்தால் டிக்ரியை அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2020 ஜனவரியில் அமலான ஏற்பாட்டின்படி, துபாயின் உரிய நீதிமன்றம் தந்த பணத் தீர்ப்பை வைத்துத் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்திலேயே நேராக இ.பி. போடலாம். அமெரிக்கத் தீர்ப்புக்கு அந்த வசதி இல்லை. அதை ஆதாரமாக வைத்து இங்கே புதிதாக வழக்குத் தொடர வேண்டும்.