அடுப்பின் சூடு எங்கே போகிறது?

சொந்தக் காணியில் இருந்தபோது விறகு நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளன்று. வேலிக் கிளுவையும் தென்னை மட்டையும் ஆண்டு முழுவதும் அடுப்பெரித்தன. காணியை விட்டு வந்து, கண்டியிலும் அயற் கிராமங்களிலும் வாடகை அறையிலோ தகரக் கொட்டிலிலோ குடியிருப்போருக்கு நிலைமை வேறு. நகரை ஒட்டிய உடவத்தகலைக் காடு சரணாலயம். அங்கே கத்தி வைக்க இயலாது. எரிவாயுவை நம்பலாமென்றால், 2022இல் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,800 ரூபாவைத் தாண்டியதையும், அதற்கும் வரிசையில் நின்றதையும் எவரும் மறக்கவில்லை.

ஆகவே மூன்று கல்லை வைத்து எரிக்கிறோம். "தம்பி, சட்டிக்குப் போற சூட்டை விட என்ர முகத்துக்கு வாற சூடுதான் கூட" என்று தாயொருவர் எம்மிடம் கூறினார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கற்களுக்கிடையே காற்று புகுந்து சுவாலையைச் சாய்க்கிறது. விறகின் சூட்டில் பெரும்பகுதி நாற்புறமும் சிதறிப் போக, சிறு பங்கே சட்டியைச் சேர்கிறது.

இக்குறைக்குக் கண்டியிலேயே ஒரு பரிகாரம் வளர்ந்தது. சிங்களத்தில் 'பெறுமதி மிக்கது' எனப் பொருள்படும் 'அனகி' அடுப்பே அது. கண்டியைத் தளமாகக் கொண்ட 'ஐடியா' நிறுவனமும், பிரித்தானியாவின் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் 1990களில் கிராமத்துக் குயவருக்குப் பயிற்சியளித்து இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. சுட்ட களிமண்ணாலான ஒரே துண்டு. விறகு வைக்க ஒரு வாய். சட்டி வைக்க இரு இடங்கள். முன் சட்டியைச் சூடாக்கிய சுவாலை உள்வழியாகப் பின் சட்டிக்குப் போகிறது. சோறு கொதிக்கையில் பின்னால் பருப்பு வேகும். மூன்று கல் அடுப்போடு பார்க்க, விறகில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிச்சமாகும்.

அடுப்பை வாங்கி அப்படியே வைத்து எரிப்பவர் பலர். பாதிப் பயன் அங்கேயே போய்விடும். ஓடும் விரைவில் வெடிக்கும். அதைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். புற்றுமண்ணோடு உமி அல்லது நறுக்கிய வைக்கோலும் சாணமும் சேர்த்துப் பிசைந்து, நான்கு விரற்கடைத் தடிப்பில் அப்புங்கள். வைக்கோல் எதற்கென்று கேட்கலாம். மண்ணுக்குள் அது விடும் சிறு காற்றறைகளே சூட்டை வெளியே விடாமல் தடுப்பவை. வரிச்சுக் கட்டி மண் வீடு கட்டியவருக்கு இந்தக் கைவேலை புதிதன்று. நிழலில் மெதுவாகக் காயட்டும். வெடிப்புகளைப் பூசி, முதலில் சிறு தீ மூட்டுங்கள். வாடகை வீடாயின் தரையைப் பழுதாக்காமல், மணல் பரப்பிய செங்கல் மேடையில் வையுங்கள்.

அடுப்பு வாங்கவும் வசதியில்லாதவருக்கு வைக்கோற் பெட்டி இருக்கிறது. உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பட்ட ஐரோப்பிய வீடுகளில் இது பெரிதும் பயன்பட்டது. மரப்பெட்டியிலோ கூடையிலோ அடியிலும் பக்கங்களிலும் ஒரு சாண் தடிப்பில் காய்ந்த வைக்கோலை அடையுங்கள். அரிசியைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு பானையை இறக்கி உள்ளே வைத்து, வைக்கோல் திணித்த சாக்கால் மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். பானை நிறைவாக இருத்தல் வேண்டும். இடையில் திறந்து பார்ப்பவருக்கு அரை வேக்காடுதான்! மறுபடி இடம்மாற நேர்ந்தாலும் இப்பெட்டி கூடவே வரும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறோம். மலைக்குளிருக்காகச் சிலர் இரவில் தணலை அறைக்குள் வைத்து, கதவு யன்னலை அடைத்துப் படுக்கிறார்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை; உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். அனகிக்கும் புகைபோக்கி கிடையாது. ஆதலால் அதை யன்னலோரம், தகரப் பாயும் படங்கும் தீப்பற்றாத தூரத்தில் வையுங்கள். குளிருக்குத் தகரக் கூரையின் கீழ் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பன்பாயைத் தட்டியாகக் கட்டினால், இரவில் சூடு அவ்வளவு விரைவாக ஏறிப் போகாது. பகலில் தகரத்தின் வெக்கையும் குறையும்.