பூஞ்சைக் கருவிழிப் புண்: மருத்துவ ஆய்வுகள் கண்டறிந்தவையும் நோயாளிகள் அறிய வேண்டியவையும்

நெல் தூற்றும்போது தெறிக்கும் உமி, கரும்பு வெட்டும்போது கண்ணில் உரசும் சோகை, வண்டியில் செல்லும்போது வந்து மோதும் பூச்சி ஆகியவை அன்றாட வாழ்வில் சிறு நிகழ்வுகளாகவே கருதப்படுகின்றன. கண்ணைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வோரே மிகுதி. பெரும்பாலான கீறல்கள் ஓரிரு நாட்களில் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு அக்கீறலின் வழியாகப் பூஞ்சைக் கிருமி உட்புகுந்து, சில நாட்களுக்குள் புண்ணாக மாறிப் பார்வையையே பறித்துவிடக்கூடும். இந்நோய்க்கான சிகிச்சை குறித்த முக்கியமான ஆய்வுகள் சில தமிழ்நாட்டில் நடைபெற்றவை. அவற்றின் முடிவுகளை நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் அறிந்திருத்தல் நலம்.

கருவிழிப் புண் என்றால் என்ன?

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் தெளிவாக அமைந்துள்ள பகுதியே கருவிழி. ஒளி இதன் வழியாகவே கண்ணுக்குள் செல்கிறது. இதன் மேலடுக்கு சிதைந்து, கிருமி புகுந்து, திசு அரிக்கப்படும் நிலையே கருவிழிப் புண் ஆகும். பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ், அமீபா ஆகிய பலவகைக் கிருமிகளால் இது ஏற்படலாம். புண் ஆறிய பின்னரும் அவ்விடத்தில் வெண்ணிறத் தழும்பு எஞ்சக்கூடும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று மக்கள் கூறுவது பெரும்பாலும் இத்தழும்பையே குறிக்கும். தழும்பு கருவிழியின் நடுவில் அமைந்தால் பார்வை மங்கும்.

யாருக்கு ஏற்படுகிறது?

மதுரையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குக் கண்ணில் முன்னதாகக் காயம் ஏற்பட்டிருந்தது. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து உறுதிசெய்யப்பட்டவர்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரிடம் பூஞ்சையும், ஏறக்குறைய அதே அளவினரிடம் பாக்டீரியாவும் காணப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த வேளாண் பகுதிகளில் பூஞ்சைத் தொற்று இவ்வாறு மிகுந்து காணப்படுகிறது. ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகள் மண்ணிலும் செடிகொடிகளிலும் இயல்பாகவே வாழ்பவை. ஆகவே உழவர்களுக்கும் வேளாண் கூலித் தொழிலாளர்களுக்கும் இடர் அதிகம். நீரிழிவு உள்ளவர்களும், கண்ணில் நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து இட்டவர்களும், தொடுவில்லை அணிபவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

அறிகுறிகள் யாவை?

கண் சிவத்தல், வலி, உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, பார்வை மங்குதல், கருவிழியில் வெண்புள்ளி தோன்றுதல் ஆகியவை முதன்மையான அறிகுறிகள். பூஞ்சைப் புண் பலருக்கு மெதுவாகவே வளரும். காயம் பட்ட சில நாட்களுக்குப் பின்னரே தொல்லை மிகுவதால், தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பதைக் கண்டு 'சரியாகிவிடும்' எனக் காத்திருத்தல் கூடாது.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

மருத்துவர் முதலில் ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியால் கண்ணை உருப்பெருக்கிப் பார்ப்பார். ஃபுளோரசீன் சாயம் இட்டால் புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். அதன்பின் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து இட்டு, புண்ணின் மேற்பரப்பிலிருந்து சிறிதளவு சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். பூஞ்சையின் இழைகளை அன்றைய தினமே இச்சோதனையில் காண இயலும். ஆய்வகத்தில் வளர்த்து அதன் வகையை அறியச் சில நாட்கள் ஆகும்.

'கண்ணைச் சுரண்டுவதா?' என்று அஞ்சி இச்சோதனையைத் தவிர்க்க வேண்டாம். பாக்டீரியாவுக்கு உரிய மருந்து பூஞ்சையை அழிக்காது. புண்ணைப் பார்த்த அளவில் கிருமியின் வகையை உறுதிசெய்வது அனுபவம் மிக்க மருத்துவர்க்கும் கடினம். சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுவது இச்சோதனையே.

எந்த மருந்து சிறந்தது? ஆய்வுகள் கூறுவது

பூஞ்சைப் புண்ணுக்கு நெடுங்காலமாக வழங்கப்படுவது நாட்டமைசின் சொட்டு மருந்து. 1950களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் கண்டறியப்பட்ட நுண்ணுயிரிலிருந்து இது பெறப்பட்டது. இது கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது என்பது இதன் குறையாகக் கருதப்பட்டது. பின்னர் வந்த வோரிகோனசோல் கருவிழிக்குள் நன்கு ஊடுருவும். ஆய்வகச் சோதனைகளிலும் பல பூஞ்சைகளை அது கட்டுப்படுத்தியது. ஆகவே புதிய மருந்தே மேலானது என்ற எதிர்பார்ப்பு மருத்துவ உலகில் நிலவியது.

அந்த எதிர்பார்ப்பைச் சோதிக்க மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 323 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு நாட்டமைசினும் மற்றொரு பிரிவினர்க்கு வோரிகோனசோலும் வழங்கப்பட்டன. விழித்திருக்கும் நேரத்தில் முதல் வாரம் மணிக்கு ஒரு முறையும், பின்னர் மூன்றாம் வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒரு முறையும் மருந்து இடப்பட்டது.

2013இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. மூன்று மாதங்களுக்குப் பின், நாட்டமைசின் பெற்றவர்களால் கண் பரிசோதனை எழுத்துப் பலகையில் சராசரியாக ஏறத்தாழ 2 வரிகள் கூடுதலாகப் படிக்க முடிந்தது. ஃபியூசேரியம் தொற்று உடையவர்களிடம் இவ்வேறுபாடு ஏறத்தாழ 4 வரிகள். பிற பூஞ்சைகளில் இரு மருந்துகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. கருவிழியில் துளை விழுதல் அல்லது அவசரக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படுதல் ஆகியவையும் நாட்டமைசின் பிரிவில் குறைவாகவே நிகழ்ந்தன.

அடுத்து, இந்தியாவிலும் நேபாளத்திலும் கடுமையான பூஞ்சைப் புண் உடைய 240 நோயாளிகளிடம் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. சொட்டு மருந்துடன் வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்து உட்கொண்டால் கண்ணைக் காக்க முடியுமா என்பதே அதன் கேள்வி. மாத்திரையால் ஒட்டுமொத்தமாகக் கூடுதல் பயன் காணப்படவில்லை. மாறாக, கல்லீரல் நொதிகள் உயர்தல், பார்வையில் தற்காலிகத் தடுமாற்றம் ஆகிய பக்கவிளைவுகள் மாத்திரை பெற்றவர்களிடம் மிகுதியாக இருந்தன.

விலை உயர்ந்ததும் புதியதுமான மருந்தே சிறந்தது என்று எண்ண வேண்டாம் என்பதே இவ்விரு ஆய்வுகளும் தரும் பாடம். 2017இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசின் கண் சொட்டு மருந்தைத் தனது இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. 'மாத்திரை தரவில்லையே, பழைய சொட்டு மருந்தையே தருகிறார்களே' என்று மனம் தளர வேண்டியதில்லை. புண்ணின் ஆழத்தையும் பூஞ்சையின் வகையையும் பொறுத்து, சிலருக்கு வேறு மருந்துகளை மருத்துவர் சேர்த்துத் தருவதும் உண்டு.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஏன் ஆபத்தானது?

ஸ்டீராய்டு மருந்து சிவப்பையும் வலியையும் விரைவில் குறைக்கும். ஆயின் அது உடலின் எதிர்ப்பாற்றலையும் அடக்குவதால், பூஞ்சை தடையின்றிக் கண்ணுக்குள் பரவும். நோயாளியோ குணமாகி வருவதாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

பாக்டீரியாப் புண்ணில் ஸ்டீராய்டு உதவுமா என்பதை அறிய 500 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2012இல் வெளியானது. கிருமி பாக்டீரியா என உறுதிசெய்து, குறைந்தது 48 மணி நேரம் நுண்ணுயிர்க்கொல்லி அளித்த பின்னரே அதில் ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது. அத்தனை பாதுகாப்புடன் அளித்தும், மூன்று மாத முடிவில் ஒட்டுமொத்தப் பார்வையில் கூடுதல் பயன் இல்லை. அவ்வாறிருக்க, சோதனை ஏதுமின்றி மருந்துக்கடையில் கேட்டு வாங்கியோ, வீட்டில் மற்றொருவர் பயன்படுத்திய மிச்சத்தையோ கண்ணில் இடுவது பார்வையைப் பணயம் வைப்பதாகும்.

சிகிச்சையின்போது கவனிக்க வேண்டியவை

• நாட்டமைசின் பால் போன்ற கலங்கல் மருந்து. ஒவ்வொரு முறையும் குப்பியை நன்கு குலுக்கிய பின்னரே இட வேண்டும். புண்ணின் மீது வெண்மையாக மருந்து படிவது இயல்பு.
• கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின் மருந்து இடவும். குப்பியின் முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது.
• ஒன்றுக்கு மேற்பட்ட சொட்டு மருந்துகள் இருப்பின் இடையில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடவும்.
• மணிக்கு ஒரு முறை மருந்து இடுவது தனி ஒருவரால் இயலாது. வீட்டில் யார் எப்போது இடுவது என்பதை எழுதி வைத்துக்கொள்ளவும்.
• சிவப்பும் வலியும் குறைந்தாலும் மருத்துவர் கூறாமல் நிறுத்த வேண்டாம். பூஞ்சைப் புண் ஆறப் பல வாரங்கள் ஆகலாம்.
• கண்ணைத் துணியால் இறுகக் கட்டுதல் கூடாது.

என்னென்ன சிக்கல்கள் நேரலாம்?

புண் ஆழமானால் கருவிழி மெலிந்து துளை விழலாம். திடீரென வெதுவெதுப்பான நீர் வழிதல், பார்வை சட்டென மங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது கண்ணை அழுத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறு துளையை மருத்துவப் பசையால் அடைக்க இயலும். பெரிய துளைக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும். அவ்வறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் தொற்றை அகற்றிக் கண்ணைக் காப்பதே. பார்வை திரும்புவது அதற்கு அடுத்தது. மாற்றிப் பொருத்திய கருவிழியில் தொற்று மீளுதல், உடல் அதனை ஏற்காதிருத்தல் ஆகியவையும் நேரலாம். கண் அழுத்தம் உயர்தல், கண்புரை, கண்ணுக்குள் தொற்று பரவுதல் ஆகியவை பிற சிக்கல்கள். தழும்பால் பார்வை குன்றியவர்க்குப் பின்னாளில் தானமாகப் பெற்ற கருவிழியால் பார்வை மேம்பட வாய்ப்பு உண்டு.

ஆய்வில் பங்கேற்க உங்களை அழைத்தால்

மேற்கண்ட உண்மைகள் அனைத்தும் நோயாளிகள் முன்வந்து பங்கேற்றதால் கிடைத்தவை. அத்தகைய அழைப்பு உங்களுக்கும் வரலாம். ஆய்வின் நோக்கம், நன்மை, இடர் ஆகியவற்றை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்ற பின்னரே உங்களைச் சேர்க்க வேண்டும். படிக்க இயலாதவர்க்கு, ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். மறுக்கவும், இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. மருந்து ஆய்வால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் வழிசெய்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதி உள்ளதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று தயங்காமல் கேளுங்கள்.

கண்ணில் அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

• தூய நீரால் கண்ணைக் கழுவவும். கசக்க வேண்டாம். முள் போன்றவை குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம்.
• தாய்ப்பால், இலைச்சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் ஆகியவற்றை இட வேண்டாம். நாக்கால் தூசி எடுக்கும் வழக்கத்தையும் கைவிடவும். இவற்றால் புதிய கிருமிகள் கண்ணுக்குள் செல்லக்கூடும்.
• உறுத்தலோ சிவப்போ தொடர்ந்தால் ஒரு நாளுக்குள் கண் மருத்துவரைக் காணவும். செடி, பயிர், மண் எது பட்டது என்பதைத் தவறாமல் கூறவும்.
• ஏற்கெனவே இட்ட மருந்துக் குப்பிகளையும் எடுத்துச் செல்லவும்.
• அறுவடை, கதிரடித்தல், கரும்பு வெட்டுதல் ஆகிய வேலைகளின்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியவும்.

அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலையை விடுவது எளிதன்று. அந்நாளின் கூலி இல்லத்திற்குத் தேவையானதே. ஆயினும் புண் சிறிதாக இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பார்வை மீள வாய்ப்பு மிகுதி. அந்த ஒரு நாளைக் கண்ணுக்காக ஒதுக்குங்கள்.